வால்ட்ஸ் நடுவே ஒரு பொன்னாடை

எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, டெக்சாஸுக்கு வந்தபோது அவர் பெட்டியில் சில பொன்னாடைகள் இருந்தன. யாருக்குப் போடுவது என்று அவருக்கே தெரியாது. தென்காசிப் பக்கத்தில் பொன்னாடை இல்லாமல் எந்தக் கூட்டமும் முடியாது. அமெரிக்காவில் மட்டும் எப்படி முடியும் என்று எடுத்து வந்துவிட்டார்.

நாங்கள் அப்போது ஆஸ்டினுக்கு மேற்கே, மலைப்பாங்கான ஒரு சின்ன ஊரில் இருந்தோம். எந்தக் காலத்திலோ ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள் கட்டிய ஊர். அங்கே வயதானவர்கள் கடையில் சந்தித்தால் இன்னமும் ஜெர்மனில்தான் நலம் விசாரிப்பார்கள். நெடுஞ்சாலை ஓரத்து மோட்டலில் அப்பாவுக்கு வரவேற்பு மேசை வேலை. அம்மாவுக்கு அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. அலுவலகத்துக்குப் பின்னால் ஒரே அறையில் நான்கு பேரும் படுத்தோம். ஒன்பது வயதுக்குள் எனக்கு அது நான்காவது பள்ளிக்கூடம். அதற்குப் பிறகும் எந்தப் பள்ளிக்கூடமும் என்னை வெகுநாள் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த ஊரில் சும்மா கிடைத்தது இசை ஒன்றுதான். வந்த வாரமே மாமா அதைக் கண்டுபிடித்துவிட்டார். புதன்கிழமை மாலை பூங்காவில் தீயணைப்புக்காரர்கள் பித்தளை வாத்தியங்கள் வாசிப்பார்கள். “நம்ம ஊர் கல்யாண பேண்டு செட்டேதான்க்கா. என்ன, இவங்க சட்டையில எல்லாப் பட்டனும் இருக்கு” என்றார் மாமா. ஞாயிற்றுக்கிழமை நெற்றியில் திருநீறோடு போய் தேவாலயத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஆர்கன் கேட்போம். அந்தச் சத்தம் தரை வழியாகக் காலில் ஏறும். சந்தைத் திடலில் மெக்சிகோக்காரர்கள் மார்பில் மாட்டிக்கொண்டு, துருத்தியை இழுத்து மடக்கி, அக்கார்டியன் வாசித்தார்கள். சனிக்கிழமை நடன மண்டபத்தில் ஜெர்மன் பெரியவர்கள் வாசித்ததும் அக்கார்டியன்தான். “அதே குழம்பு, இங்கே காரம் கம்மி” என்பது மாமாவின் தீர்ப்பு.

அம்மா ஒன்றையும் தவறவிட மாட்டாள். கண்ணை மூடி, தொடையில் தாளம் போடுவாள். ஜோடிகள் சுற்றி ஆடும் வால்ட்ஸ் இசைக்கு மும்மூன்றாகத் தட்ட வேண்டும் என்று யாரும் சொல்லாமலே பிடித்துக்கொண்டாள். மோட்டலில் அவள் எப்போதும் நின்றுகொண்டோ குனிந்துகொண்டோ இருப்பாள். அம்மா உட்கார்ந்து நான் பார்த்தது அந்த பெஞ்சுகளில்தான்.

அப்போதுதான் நடன மண்டபத்தின் சமையலறை காலியானது. ஆட்டம் நடக்கும் மாலைகளில் சாப்பாடு போட்டு விற்க ஆள் தேடினார்கள். அப்பா விண்ணப்பித்துவிட்டார். மோட்டலின் ஒற்றை அறையிலிருந்து வெளியேற அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது.

“சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ் போட்டா வெள்ளைக்காரன் வரிசையில நிப்பான், மாப்ளே” என்றார் மாமாவிடம்.

“யாரு போடுவா, அத்தான்?”

“உங்க அக்காதான். வேற யாரு?”

தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்த அம்மா அடுத்த உறையை எடுத்து உதறினாள்.

மண்டபக் குழுவின் தலைவர், சனிக்கிழமை அக்கார்டியன் வாசிக்கும் பெரியவரேதான். அந்தச் சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் முடிவு சொல்வதாக அப்பாவிடம் சொல்லியிருந்தார். அப்பா எங்களுக்கு உத்தரவு போட்டார். “அவங்க தட்டும்போது கை தட்டுங்க. மத்தபடி மூச்சு விடக் கூடாது.”

அன்றைக்குப் பெரியவர் பிரமாதமாக வாசித்தார். மெதுவான ஒரு வால்ட்ஸின் பாதியில் மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கொண்டுவந்திருந்த பையிலிருந்து ஒரு சிவப்புப் பொன்னாடையை எடுத்தார்.

“முடிஞ்சதும் போட்டுடுறேன்க்கா.”

“முடிஞ்சதும் எந்திரிச்சுப் போயிருவாருடா. இப்பவே போடு.”

அப்பா கையை நீட்டிப் பிடிப்பதற்குள் மாமா மேடையில் இருந்தார். பொன்னாடையை விரித்துப் பெரியவரின் தோளைச் சுற்றிப் போர்த்தினார். அதன் ஜரிகை முனை அக்கார்டியனின் துருத்தி மடிப்புக்குள் சிக்கியது. வாத்தியம் ஆட்டுக்குட்டி மாதிரி ஒருமுறை கத்திவிட்டு நின்றுவிட்டது. ஆடிக்கொண்டிருந்த ஜோடிகள் பாதிச் சுற்றில் அப்படியே நின்றார்கள். மாமா எதையும் கவனிக்கவில்லை. முறைப்படி பெரியவரின் தோளைப் பிடித்துக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார். “அத்தான், ஒரு போட்டோ எடுங்க!” என்று கூவிவிட்டு, மைக்கைப் பிடித்து, “தென்காசி மக்கள் சார்பாக...” என்று தமிழிலேயே தொடங்கினார்.

“போச்சு” என்றார் அப்பா.

அந்த வால்ட்ஸ், திருமணப் பொன்விழா கொண்டாடிய ஒரு தம்பதிக்காக வாசித்தது என்று பிறகுதான் தெரிந்தது. ஜரிகையை மடிப்பிலிருந்து எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. பெரியவரின் முகம் பொன்னாடைக்குப் பொருத்தமான நிறத்தில் இருந்தது.

காரில் அப்பா வெடித்தார். “உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா, மாப்ளே?”

“மரியாதைதானே அத்தான் செஞ்சேன்?”

“மரியாதையா? அந்தாளு கழுத்தை நெரிச்சிட்டு வந்திருக்க!”

“மாலை போட்டிருக்கலாம்தான். ஏற்கெனவே வாத்தியம் மாட்டியிருந்தாரே.”

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். எதிரே வந்த காரின் வெளிச்சத்தில் பார்த்தால், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

சமையலறை, பக்கத்து ஊரில் சாசேஜ் இறைச்சி விற்பவருக்குப் போனது. அப்பா மாமாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அம்மா தலை பின்னி, நல்ல சேலை கட்டி, மாமாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குக் கிளம்பினாள். அப்பா வரவில்லை. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குப் பயம். பெரியவர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். மாமாவின் கையில் பை இல்லை என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். அம்மா முன் பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை மூடி, மும்மூன்றாகத் தட்டத் தொடங்கினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்பா மோட்டலில் தனியாக, நம்பியதெல்லாம் போய் உட்கார்ந்திருக்கும்போது இவளால் எப்படி முடிகிறது என்று எனக்குக் கோபம். திரும்பும்போது அவள் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை.

படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றிய வருடங்களில் அதுபோன்ற மண்டபங்களின் சமையலறைகளில் நானும் வேலை பார்த்திருக்கிறேன். அம்மா ஏன் “இப்பவே போடு” என்றாள் என்பது அங்கேதான் எனக்குப் புரிந்தது. எண்ணெய்ச் சட்டிக்கு மேலே புகையை இழுக்கும் விசிறி இரைந்துகொண்டே இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன வாசிக்கிறார்கள் என்பது ஒரு நாள்கூட என் காதில் விழுந்ததில்லை.