மேல்வீட்டு இசைத்தட்டுக்காரர்

இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே விளிம்பு மட்டும் படும்படி தட்டைத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார். வாயைக் குவித்து ஓர் ஊது. பிறகு மெல்லிய துணியால், பிள்ளைக்கு முகம் துடைப்பதுபோல் மெதுவாக ஒரு வட்டம். தட்டு சுழலத் தொடங்கியதும் முதுகை வளைத்துக் குனிந்து ஊசியை இறக்குகிறார். பாட்டு வருவதற்கு முன்னால் கரகரவென்று ஒரு சத்தம் கிளம்புமே, அதற்கு அவர் முகம் மலர்வதுபோல் பாட்டுக்குக்கூட மலராது. "பாத்தீங்களா தம்பி, மூச்சு விடுது" என்பார்.

அவர் வீடு மேலே, என் வீடு கீழே. தகர டப்பா செய்யும் ஆலையில் அச்சு இயந்திரங்களுக்கு அவர் மேஸ்திரி. தகடு உள்ளே போகும், ஒரே அடி, மூடியாக வெளியே விழும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த அடிகளுக்கு நடுவிலேயே நின்றவர். காதில் அடைத்துக்கொள்ள ரப்பர் கொடுப்பார்களாம், வாங்க மாட்டார். "காதை அடைச்சுக்கிட்டா மெஷின் என்ன சொல்லுதுன்னு யாருக்குத் தெரியும்?" என்பது அவர் வாதம். எங்கள் கட்டடத்தில் எல்லாரும் அவரை 'ரெக்கார்டு' என்றுதான் சொல்வோம். அவருக்கும் அது தெரியும். பட்டம் கிடைத்ததுபோல் வைத்துக்கொண்டார்.

கைப்பேசியில் பாட்டுக் கேட்பவர்களைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. மாடிப்படியில் என்னை மடக்கி நிறுத்துவார். "உங்க போன்ல இருக்கறது பாட்டு இல்ல தம்பி, பாட்டோட போட்டோ. பசிக்குதுன்னா சாப்பாட்டோட போட்டோவைக் காட்டுவீங்களா?" ஒலியைச் சுருக்கிக் கோப்பாக்கும் விதம் பற்றி எங்கோ படித்துவிட்டு வந்த அன்று கொதித்துப் போயிருந்தார். "மனுசன் காதுக்கு இது கேக்காதுன்னு அவனாவே முடிவு பண்ணி வெட்டிப் போட்டுடறானாம். என் காதுக்கு எது கேக்கும், எது கேக்காதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் யாரு அதைச் சொல்ல?"

ஒரு விடுமுறை நாளில், பார்த்தேவிடுவோம் என்று நல்ல ஹெட்போன் ஒன்றை எடுத்துக்கொண்டு மேலே போனேன். ஒரே பாட்டு, முதலில் கைப்பேசியில், பிறகு தட்டில். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நெற்றியைச் சுருக்கினார், கழற்றினார். "வயலின் எங்க? வயலினையே காணோமே, வெட்டிட்டானே!" என்றார். நான் வாங்கி மாட்டிப் பார்த்தேன். வயலின் தெளிவாக இருந்தது. அதற்குள் அவர் தட்டைச் சுழலவிட்டுக் குமிழைத் திருப்பினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சமையலறையிலிருந்து அவர் மனைவி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். "இப்ப கேளுங்க, இதுதான் பாட்டு!" என்று அவர் கத்தினார். பக்கத்தில் நிற்பவனிடம் ஏன் கத்துகிறார் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

பிறகு தட்டிலும் வயலின் குறையத் தொடங்கியது. ஊசி தேய்ந்துவிட்டது என்றார், மாற்றினார். புது ஊசி சரியில்லை என்று அதையும் மாற்றினார். ஒயர் பழசு, அதுவும் போயிற்று. ஒரு நாள் ஸ்பீக்கரைத் தோளில் சுமந்துகொண்டு பழுது பார்ப்பவனிடம் போனார். "இதுல ஒரு கோளாறும் இல்ல சார்" என்று அவன் கையை விரித்துவிட்டான். திரும்பி வந்தவர் படியில் என்னிடம், "இப்ப இருக்கற பசங்களுக்கு என்ன தெரியும்? போன்ல கேட்டு வளந்த காது" என்றார்.

அவருக்கு ஒரே மகள். கட்டிக்கொடுத்து வேறு ஊரில் இருந்தாள். அவள் அழைத்தால் மனைவிதான் பேசுவார். கைப்பேசியை இவரிடம் நீட்டினால், தீயைக் கண்டதுபோல் பின்வாங்குவார். "அதுல வர்றது என் பொண்ணு குரலே இல்ல. எல்லாத்தையும் டிஜிட்டலா மாத்திக் கொன்னுடறான். அவ நேர்ல வரட்டும், பேசறேன்." தன் மேல் அப்பாவுக்கு ஏதோ கோபம் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டாளாம்.

அவள் நேரில் வந்தாள்.

ஆட்டோவிலிருந்து பெரிய பெட்டி ஒன்றை இறக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். நான்தான் தூக்கிப் போய் மேலே வைத்தேன். வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு அவர் ஓடி வந்த வேகமும் சிரிப்பும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. அவளைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். "சொல்லும்மா. இப்ப நடுவுல எந்தக் கருமாந்திரமும் இல்ல."

அவள் மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டே, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நான் அவரை விட்டுட்டு வந்துட்டேன்ப்பா. அடி தாங்க முடியல. இனிமே அங்க போக மாட்டேன்."

அவர் முகம் முழுக்கச் சிரித்தார். "சந்தோஷம்மா. ரொம்ப ரொம்ப சந்தோஷம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் என்னவோ பிசகிவிட்டது என்று அவருக்குப் புரிந்தது; என்னவென்று மட்டும் புரியவில்லை. சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவர் மனைவி பக்கத்தில் போய்க் குனிந்து, காதோடு வாய் வைத்து அதையே திரும்பச் சொன்னார். முதல் தடவை கேட்கவில்லை. இரண்டாம் தடவை தொண்டை கிழியக் கத்தினார். "அடிச்சானாங்க! உங்க பொண்ணை அடிச்சிருக்கான்!" எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மகள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நான்... போன்தான் சரியில்லைன்னு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

அந்த வாரமே டாக்டரிடம் போனார்கள். துணைக்கு நானும் போனேன். கண்ணாடி அறைக்குள் அவரை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். விசில் சத்தம் கேட்கிறபோதெல்லாம் அழுத்த வேண்டும். தடித்த சத்தங்களுக்கு ஒன்றிரண்டு தடவை அழுத்தினார். பரிசோதிக்கும் பெண் மெல்லிய சத்தங்களுக்குப் போனாள். கூட்டினாள், இன்னும் கூட்டினாள். அவர் தலையைச் சாய்த்து, பள்ளிக்கூடப் பையன்போல் கவனமாகக் காத்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் அசையவே இல்லை. கதவைத் திறந்து எழுந்திருக்கச் சொன்னபோது அவளிடம், "என்னம்மா, இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே?" என்றார். வெளியே என் பக்கத்தில் நின்ற மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செத்த நரம்பு செத்ததுதான், மிச்சமும் போய்க்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். காதில் பொருத்தும் கருவியை மேஜைமேல் வைத்தபோது, அவர் அதைத் தொடாமல் கேட்டார்: "இதுவும் டிஜிட்டல்தானா?"

"இப்ப எல்லாமே டிஜிட்டல்தான் சார்." அதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

மாட்டிக்கொண்டார். பேச்சு வருகிறது என்றார். "ஆனா எல்லாரும் டப்பாவுக்குள்ள உக்காந்து பேசற மாதிரி இருக்கு தம்பி. நான் செஞ்ச டப்பாதான் போல." வக்கீலைப் பார்க்கப் போகும் நாட்களில் மகளுக்காக அதை மாட்டிக்கொண்டு கூடப் போகிறார். வாயையே பார்த்துக்கொண்டு, இரண்டிரண்டு தடவை கேட்டு, அவள் சொல்வதைத் தெரிந்துகொள்கிறார். பாட்டுக்கு மட்டும் அது உதவவில்லை. ஒரே ஒரு தடவை முயன்றாராம். தகரக் குவியலை மாடியிலிருந்து கொட்டியதுபோல் இருந்ததாம். அப்படியே பிடுங்கி எடுத்துவிட்டார். வெறும் காதிலோ எவ்வளவு கூட்டினாலும் ஏதோ இடி இடிப்பதுபோல் அடி மட்டும் விழுகிறது. கைப்பேசியை அவர் இப்போது திட்டுவதில்லை. படியில் என்னைப் பார்த்தால் தலையை அசைத்துவிட்டுப் போய்விடுகிறார். அவர் திட்டமாட்டாரா என்று இருக்கிறது எனக்கு.

மேலேயிருந்து சத்தமே வராமல் சில நாட்கள் போயின. நேற்று மாலை மனது கேட்காமல் மேலே போனேன். மகள்தான் கதவைத் திறந்தாள். உள்ளே தட்டு சுழன்றுகொண்டிருந்தது. ஊசி அதன்மேல் ஓடும் மெல்லிய உரசலைத் தவிர வேறு சத்தமில்லை. ஸ்பீக்கர் ஒயர்கள் சுருட்டிக் கட்டி மூலையில் கிடந்தன.

"அப்பாவேதான் கழட்டிட்டாருண்ணே" என்றாள். "எனக்குக் கேக்காத சத்தம் உங்களுக்கு எதுக்குன்னுட்டாரு. தினமும் இப்படித்தான்."

அவர் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கருவி காதில் இல்லை. வலது கால் பெருவிரல் தரையில் தாளம் போட்டது. ஓரிடத்தில் நின்றது, காத்திருந்தது, மறுபடி பிடித்துக்கொண்டது. என் நிழல் பட்டதோ என்னவோ, கண்ணைத் திறந்தார்.

"எப்படி இருக்கீங்கண்ணே?" என்று ஆரம்பித்தேன்.

என் உதடு அசைவதைக் கண்டதும் அவர் அவசரமாக ஆள்காட்டி விரலைத் தூக்கி உதட்டின் குறுக்கே வைத்தார்.