அக்குறணையில் வாங்கிய வார்

கண்டியில் இறங்கிய பின்னேரமே அக்குறணைக்குப் பஸ் ஏறினேன். மாத்தளை வீதியில் பத்துக் கிலோமீற்றர். தலதா மாளிகை, வாவி எல்லாம் பிறகு. முதலில் கமராவுக்கு ஒரு நல்ல வார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்வதற்குள் பழைய மெல்லிய வார் கழுத்தில் சிவப்பாகக் கோடு போட்டிருந்தது. இரண்டு வருடம் ரியூசன் கொடுத்துச் சேர்த்த காசில் வாங்கிய கமரா அது. தொலைந்தால் இன்னொன்று வாங்க வழியில்லை.

கமராக் கடைக்கார முஸ்லிம் நானா இரண்டு வார் எடுத்துப் போட்டார். மணிக்கட்டில் மாட்டும் கை வார், 1,400 ரூபாய். உடம்புக்குக் குறுக்கே போடும் அகல வார், 4,800. அதற்குத் தோளில் மெத்தை, உள்ளே கம்பி, இரண்டு முனையிலும் திருகுப் பூட்டு. கத்தி வைத்தாலும் அறுபடாதாம். அதைத்தான் எடுத்தேன்.

"பஸ்ஸுல போறண்டா இழுத்துக் கட்டையாக்கிக்கோங்க தங்கச்சி. நீளமா உட்டா ஆடும்" என்றார்.

கட்டையாக்கினால் சட்டென்று கண்ணுக்குத் தூக்க முடியாது. தலையை ஆட்டிவிட்டு நீளமாகவே விட்டேன்.

மறுநாள் காலை 7.40. மணிக்கூட்டுக் கோபுரத்தருகே திகன பஸ். விக்டோரியா அணைக்கட்டைப் பார்ப்பது திட்டம். இருக்கை இல்லை. நான் நின்ற இடத்தில் ஜன்னலோரம் இல்லாத இருக்கையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா, கண்ணாடி போட்டவர். நான் பிடியைத் தேடித் தடுமாறியதைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"கமராவ குடுங்க தங்கச்சி, மடியில வச்சிக்கிறேன்."

"பரவாயில்லை அக்கா. இது கழட்ட நேரம் எடுக்கும்."

அவர் கையை மடக்கிக்கொண்டார். முகம் மாறவில்லை. வாரின் ஓரத்தை மட்டும் விரலால் தடவிப் பார்த்து, சதுரமாகப் பெட்டி போட்டு அதன் குறுக்கால தைத்திருக்கிறார்கள், நல்ல தையல் என்றார். தையல் தெரியுமா என்று கேட்டேன். பெயர் செல்வி, கலஹாப் பக்கம் தேயிலைத் தோட்டம், கொழுந்து பறிக்கிற வேலை. அயல் வீட்டாருக்கு ரவிக்கை தைத்துப் பழகியிருக்கிறார். பல்லேகலயில் பை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் இன்று ஒன்பது மணிக்குத் தையல் பரீட்சை. எடுபட்டால் மலை ஏற வேண்டியதில்லை. "மழையில அட்டை கடிக்காத வேலை" என்று சொல்லிச் சிரித்தார்.

8.10 இருக்கும். மகாவலிப் பாலம் தாண்டி, குண்டசாலைப் பக்கம். என் இரண்டு கையும் மேல் கம்பியில். முன்னால் ஒரு முச்சக்கர வண்டி திரும்ப, சாரதி பிரேக்கை மிதித்தார். கமரா ஊஞ்சல் போலப் போய்ச் செல்வி அக்காவின் முகத்தில் மோதியது.

கண்ணில் படவில்லை. ஆனால் கண்ணாடியின் ஒரு காது முறிந்து, இடப்பக்க வில்லை நட்சத்திரமாக வெடித்திருந்தது. பஸ்ஸில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர் மட்டும் பார்க்கவில்லை. மடியில் விழுந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

பல்லேகலயில் நானும் கூடவே இறங்கினேன். கண்ணாடிக்கடை தேட நேரமில்லை. முறிந்த காதுக்கு நூல் சுற்றிக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். எதிர்த் தேநீர்க் கடையில் நான் மூன்று பிளேன்டீ குடித்தேன். அணைக்கட்டு நினைவிலேயே இல்லை.

11.20க்கு வெளியே வந்தார். நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். "ஊசி ரெண்டா தெரிஞ்சிச்சு. நூல் கோக்கவே நேரம் போச்சு. அடுத்த தடவ ஆள் எடுக்கையில வர சொன்னாங்க."

"எப்ப அக்கா?"

"அது சொல்லல்ல."

கண்டிக்குப் போய் இன்றைக்கே கண்ணாடி செய்யக் கொடுப்போம், செலவு என்னுடையது என்றேன். "அது செய்ங்க" என்றார். மன்னித்தேன் என்றோ கோபம் என்றோ ஒன்றும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் அவருக்கு மட்டும் இடம் கிடைத்தது. அவர் கையை நீட்டவில்லை. நானாகத் திருகை இரண்டு பக்கமும் கழற்றி, கமராவை அவர் மடியில் வைத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டார்:

"இவ்வளவு சுருக்கா கழட்டலாமா?"

நான் கையிலிருந்த வாரைச் சுருட்டத் தொடங்கினேன்.

ஊரில் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க, நெரிந்த பஸ்ஸில் புத்தகப் பையை யார் மடியிலாவது போட்டுவிட்டுத்தான் நின்றிருக்கிறேன். பெயர் கேட்டதில்லை. இறங்கும்போது பை கைக்கு வரும். அன்றைய பையில் களவெடுக்க ஒன்றும் இருக்கவில்லை என்று இப்போது சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன், ஒட்டவில்லை.

ஊர் திரும்பியதும் சிநேகிதிகள் வாரைத் தொட்டுப் பார்த்து, எப்படி என்று கேட்கிறார்கள். உண்மையைச் சொல்கிறேன். தோள் வலிக்காது. அறுபடாது. அவ்வளவு மோதியும் கமராவில் ஒரு கீறல்கூட இல்லை.