தேய்த்தும் போகாத படலம்

போன செவ்வாய்க்கிழமை கும்மிடிப்பூண்டிக்குப் போனது இரண்டு உலோகத் துண்டுகளைத் திரும்ப வாங்கிவர. ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணயம் அளவுதான். என் முனைவர் பட்டத்தின் கடைசி அத்தியாயம் அவற்றை நம்பித்தான் இருந்தது. மாதக் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும். கல்லூரி உலை பழுது. அதனால் அங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் 1100 டிகிரியில் நூறு மணி நேரம் வைக்கக் கொடுத்திருந்தேன்.

இரண்டுமே நிக்கலோடு குரோமியமும் அலுமினியமும் சேர்ந்தவை. இரண்டாவதில் மட்டும் இட்ரியம் என்ற தனிமம் ஒரு சிட்டிகை. அந்தச் சூட்டில் அலுமினியம் காற்றோடு சேர்ந்து மேலே படலமாகும். அது உதிராமல் இருந்தால்தான் உள்ளிருக்கும் உலோகம் பிழைக்கும். படலம் உதிர்ந்தால் எடை குறையும்; சிட்டிகை இட்ரியம் அதைப் பிடித்துவைக்கிறதா என்று எடை பார்த்துச் சொல்ல வேண்டும்.

சென்ட்ரலில் காலை 8.20 மின்சார ரயில், பதினைந்து ரூபாய், சுமார் 48 கிலோமீட்டர். கவரைப்பேட்டையில் உட்கார இடம் கிடைத்தது. அடுத்த நிறுத்தமே கும்மிடிப்பூண்டி. என் ராசி அப்படி. இறங்கும்போது 9.50.

"உள்ள ரோடு பேஜாரும்மா, எண்பது குடு," என்றார் ஆட்டோக்காரர். ரோட்டைப் பார்த்ததும் பேரம் பேசியதற்கு வெட்கப்பட்டேன்.

பட்டறையில் பேக்கிங் பார்க்கும் ஸ்டெல்லா அக்கா மஞ்சள் துணியைப் பிரித்துக் காட்டினார். முதல் துண்டு பளபளத்தது. மேலே படலமே இல்லை.

"அக்கா, இதைத் தேய்ச்சீங்களா?"

"பின்ன? கறையோட எதையும் வெளிய அனுப்ப மாட்டோம். பித்தள பிரஷ்ல தேய்ச்சேன், பொலபொலன்னு கொட்டிச்சு."

படலத்தோடு எடையும் போனது; தானாக எவ்வளவு உதிர்ந்திருக்கும் என்று இனித் தெரியாது. அங்கேயே கண் கலங்கிவிட்டது. அக்கா பதறிப்போய் டீ வாங்கிவந்தார். பிறகு, தயங்கியபடி இரண்டாவது துண்டை நீட்டினார். சாம்பல் நிறப் படலம் அப்படியே இருந்தது.

"இத்தத்தான் ஒண்ணும் பண்ண முடியல. அர மணி நேரம் தேய்ச்சிக்கினே இருந்தேன், கை நோவுது. மன்னிச்சிக்கோம்மா."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மூன்று வருடமாக நான் தேடிய பதிலுக்கு அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் துண்டுக்கு ஜோடியாக, அதே கலவையில் இன்னொன்று என்னிடம் இருந்தது. அது இப்போது அதே பட்டறை உலையில், மூடி போட்ட கிண்ணத்தில் இருக்கிறது. சனிக்கிழமை எடை போட்டுவிட்டால் மாதக் கடைசி தாங்கும். நீங்களும் போவதானால் காலை ரயிலைப் பிடியுங்கள், ஆட்டோவுக்குச் சில்லறை வையுங்கள், தேய்க்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை.

அத்தியாயத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: இட்ரியம் கலந்த துண்டின் படலம், அரை மணி நேரம் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தும் உதிரவில்லை. தேய்த்தவர் பெயரையும் எழுதியிருக்கிறேன்.