எழுநூறு கிராம் மக்னீசியம்

மக்னீசியம் சல்பேட்டை மற்ற ஊர்களில் மருந்துக்கடையில் பொட்டலமாகத் தருவார்கள். பேதி உப்பு என்று பெயர். எங்கள் ஆம்பூர்ப் பக்கம் அது மூட்டையில் வந்து இறங்கும். தோலின் எடையைக் கூட்டிக் காட்ட உதவும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நான் ஷூ கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். மூட்டை தூக்குகிறவன் கையுறை போட்டிருக்கிறானா என்பதோடு என் அறிவு நின்றுவிடும்.

விஷயம் தெரிந்தவர் என் நண்பர் பாய். தோல் பதனிடும் டேனரியில், தோல் சுழலும் டிரம்களுக்கு எந்த ரசாயனம், எவ்வளவு, எப்போது என்று தீர்மானித்தவர். ஓய்வுக்குப் பிறகு டிரம் இல்லாத குறையைக் கைப்பேசியால் தீர்த்துக்கொண்டார். பக்கவாதம் வந்தவுடன் மக்னீசியம் கொடுத்தால் மூளைச் செல்கள் சாகாமல் தப்பிக்கும், எலிகளிடம் பலித்திருக்கிறது என்று எங்கோ படித்துவிட்டார்.

"மனுஷனுக்குப் பலிச்சுதா பாய்?" என்று கேட்டேன்.

"எலிக்குப் பலிச்சது நமக்குப் பலிக்காதா? நம்ம இன்னா எலிய விடக் கம்மியா?"

அதோடு அவர் வீட்டு அலமாரியில் சீரக டப்பாவுக்குப் பக்கத்தில் மக்னீசிய டப்பா ஒன்று குடியேறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பாயின் வலது கையிலிருந்து கிளாஸ் நழுவியது. யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். வாய் இடது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச முயன்றார்; குழறல்தான் வந்தது. முகம், கை, பேச்சு மூன்றையும் கவனி, நேரத்தைப் பார் என்று ஆண்டுதோறும் தொழிலாளர்களுக்கு வகுப்பெடுத்தவன் நான். வகுப்பில் யாரும் விழித்திருந்ததில்லை. நான் விழித்திருந்தேன் போலும். மணியைப் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸுக்கு போன் செய்தேன். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாமதமானால் பாயின் பேச்சும் கையும் போனது போனதுதான்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், நான் பாபி என்று கூப்பிடும் பாயின் மனைவி சமையலறைத் தராசில் வெள்ளை உப்பைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"தராசு எதுக்கு பாபி?"

"இப்படி ஆனா முதல்ல இத கரைச்சுக் குடுன்னு சொல்லி வெச்சிருக்காரு அண்ணா. வெயிட்டுல ஒரு பர்சென்ட்டாம்."

டேனரியில் எல்லா ரசாயனத்துக்கும் கணக்கு இதுதான்: தோலின் எடையில் இத்தனை சதவீதம். பாய் எழுபது கிலோ. ஒரு சதவீதம் எழுநூறு கிராம். தன்னையே ஓர் எருமைத் தோலாகப் பாவித்து மருந்து எழுதிக்கொண்ட மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். அதைக் குடித்திருந்தால் பக்கவாதத்துக்கு அவரைக் கொல்லும் சிரமம் மிச்சமாகியிருக்கும்.

"ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்காதீங்க பாபி. முழுங்க முடியாம நுரையீரலுக்குப் போய்டும்."

ஆம்புலன்ஸ் வந்தது. பாய் இடது கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மருந்து தராமல் நகர மாட்டாராம். "மக்... மக்..." என்று அலமாரியைக் காட்டினார். ஸ்ட்ரெச்சருடன் வந்தவர் என்னைப் பார்த்தார். விதிமுறைகளில் இதற்கு வழி இல்லை. ஆகவே பொய் சொன்னேன்.

"பாய், உங்க டப்பால இருக்கறது டேனரி கிரேடு. ஆஸ்பத்திரில நேரா நரம்புலயே ஏத்துவாங்க, சுத்தமான மக்னீசியம். சீக்கிரம் போனாத்தான்."

கிரேடு என்ற சொல்லுக்கு மட்டும் பாய் என்றைக்கும் மரியாதை தருவார். கையை எடுத்தார்.

வேலூரில் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் கசிவு இல்லை, அடைப்புதான் என்றார் இளம் டாக்டரம்மா. நேரமும் கைவசம் இருந்தது. ஊசியோடு வந்த அவரிடம் பாய் கேட்டார்: "மக்?"

"மக்னீசியம் கேக்கறாரா? அது வேணாங்க ஐயா. அமெரிக்காவுல நூத்துக்கணக்கான பேருக்கு ஆம்புலன்ஸ்லயே குடுத்துப் பாத்துட்டாங்க. கெடுதல் இல்ல, ஆனா பலனும் இல்ல. இது கட்டியக் கரைக்கிற மருந்து."

பாய் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. பிறகு ஊசி போடவிருந்த இடது கையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டார். டாக்டரம்மா விளக்கினார். நான் விளக்கினேன், என் வார்த்தைக்கு அங்கே மதிப்பு தீர்ந்திருந்தது. கடிகாரம் மட்டும் ஒழுங்காக வேலை செய்தது.

பாபி கட்டிலருகே வந்து குனிந்தார்.

"டிரம் ஓடும்போது முதலாளி வந்து மருந்த மாத்துன்னு சொன்னா இன்னா சொல்வீங்க? ஷிஃப்டு என்னுது, வெளிய போன்னுதான? இது இந்தப் பொண்ணோட ஷிஃப்டு. கைய நீட்டுங்க."

முதலாளியையே வெளியே அனுப்பியவருக்கு அதை மறுக்க வழியில்லை. மெல்லக் கையை நீட்டினார். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அன்று சாயங்காலமே விரல்கள் அசைந்தன. பேச்சுதான் வரவில்லை. டாக்டரம்மா பெயர் கேட்டார், ஊர் கேட்டார், முனகல்தான் பதில். மறுநாள் காலை நான் உள்ளே நுழைந்தபோது பாபி அவர் தலையை வாரிக்கொண்டிருந்தார். பாய் என்னை ஏறிட்டுப் பார்த்தார். உதடுகள் ஒன்றிரண்டு தடவை முயன்றன.

"சார்... நீ... பெரிய... ஃப்ராடு."

பழகிய நாளிலிருந்து என்னை நீங்க என்றே கூப்பிட்டவர். பாபியின் கையில் சீப்பு நின்றுவிட்டது. நான் ஸ்டூலைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சரியா காதுல விழல பாய். இன்னொரு தடவ சொல்லுங்க."