வால்வின் மேல் போட்ட பழி

கடைத்தெருக் கோடியில் இருக்கும் பழைய சாமான் கடைக்காரர், செத்துப்போன ரேடியோ வால்வுகளின் எழுத்தை ஸ்பிரிட் போட்டு அழித்து, புதிதாக அச்சடித்து, புது டப்பாவில் வைத்து விற்கிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. வால்வு என்றால் அந்தக் காலத்து ரேடியோவுக்குள் குட்டி பல்பு மாதிரி மினுங்கும் கண்ணாடிக் குழல். அது உயிரோடு இருந்தால்தான் பெட்டி வாயைத் திறக்கும்.

விசாரிக்கலாம் என்று முதலில் கடைக்கே போனால், கடையின் பெயர்ப்பலகையில் பாதி எழுத்து உதிர்ந்து பத்து வருஷம் ஆகிறது. தன் பலகைக்கு ஒரு டப்பா பெயின்ட் வாங்காத மனிதர், விரல் நீளக் கண்ணாடியில் எறும்பு எறும்பாக எழுத்தை அச்சடிக்கிறார் என்பதை நம்பத் தனித் திறமை வேண்டும். ஊரில் அந்தத் திறமைக்குப் பஞ்சமில்லை.

யார் சொன்னது? போட்டோவுக்குச் சட்டம் போடுகிறவர், வாட்ச் ரிப்பேர்காரரைக் கை காட்டினார். வாட்ச் ரிப்பேர்காரர் தன் மச்சினியைக் கை காட்டினார். மச்சினி டைப்பிங் கிளாஸில் கேட்டாளாம். டைப்பிங் டீச்சரோ நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நானா சொல்றேன்? ஸ்டேஷன் மாஸ்டரே சொன்னாரு."

அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

ஸ்டேஷன் மாஸ்டருக்கும் ரயிலுக்கும் சம்பந்தமில்லை. தராசுக் கம்பெனியில் முப்பது வருஷம் முள்ளைச் சரிபார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். வீட்டின் முன்னறையில் பாதி அவருடைய பட்டறை, மீதிப் பாதியும் அவருடையதுதான் என்பது மனைவியின் புகார். எந்த ஊமை ரேடியோவைக் கொடுத்தாலும் ஏதாவது ஒரு ஸ்டேஷனைப் பிடித்துக் கொடுத்துவிடுவார் என்பதால் வந்த பெயர். கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஒரே ஒரு குறை, 'தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்' என்ற வாக்கியம் அவர் வாயில் நுழையாது. நோயாளி வாசற்படி ஏறும்போதே மருந்துச் சீட்டு எழுதும் டாக்டர் மாதிரி.

டீச்சர் வீட்டு ரேடியோவுக்கும் அப்படித்தான் எழுதினார். ஐந்து வால்வு போட்ட மரப்பெட்டி, முகத்தில் நான்கு குமிழ். இரண்டு மாதம் முன்னால் வால்வு மாற்றியதிலிருந்து நன்றாகப் பாடிக்கொண்டிருந்தது, திடீரென்று நின்றுவிட்டது. அவர் டீச்சர் வீட்டுக்கே போய்ப் பின்பலகையைக் கழற்றினார். வால்வுகள் ஐந்தும் மினுங்கின. ஸ்பீக்கரில் லேசான உறுமல் இருந்தது, ஸ்டேஷன் மட்டும் ஒன்றுகூட இல்லை. ஸ்டேஷனை வாங்கிக் கொடுக்கும் முதல் வால்வில் எழுத்து பளிச்சென்று இருந்தது.

"இது எங்க வாங்கினது டீச்சர்?"

"கடைத்தெருக் கோடியில, பழைய சாமான் கடையில சார்."

"அதான பார்த்தேன். செத்த வால்வு. பழைய எழுத்தை அழிச்சுட்டு மேல புதுசா அச்சடிச்சிருக்கான்."

"அடப்பாவி!"

ஸ்டேஷன் மாஸ்டர் ஒரே மூச்சில் சொன்ன தீர்ப்பு. டீச்சரிடம் காலை, மதியம், மாலை என்று மூன்று கிளாஸ். ஒரு செய்தியை அவரிடம் கொடுத்தால் ரேடியோவே தேவையில்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் பெட்டியைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். உள்ளே இருப்பதை வெளியே உருவ வேண்டுமானால் முதலில் முகப்பிலிருக்கும் குமிழ்களைப் பிடுங்க வேண்டும். பிடுங்கி, தொலையாமல் இருக்க ஒரு டம்ளரில் போட்டு வைத்தார். தன்னிடமிருந்த நல்ல வால்வைச் செருகினார். சத்தமில்லை. அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. வால்வு நிரபராதி. ஆனால் தீர்ப்பு ஊருக்குள் போய்விட்டதே! இனி வேறு குற்றவாளியைப் பிடித்தாக வேண்டும். சாலிடரை வைத்துக் கண்டென்சர்களை மாற்றினார். சத்தமில்லை. எந்த மெக்கானிக்கும் தொட யோசிக்கும் அலைவரிசைத் திருகாணிகளை, 'இதுதானோ' என்று ஆளுக்குக் கால் சுற்று திருப்பினார். மூன்று நாள். சாப்பிடக் கூப்பிட்டால் "வரேன்" என்ற சத்தம் மட்டும் வந்தது.

நாலாம் நாள் தோற்றுப்போய் எல்லாவற்றையும் பெட்டிக்குள் திருப்பி வைத்து, குமிழ்களை மாட்டி, கடைசியாக ஒரு தடவை சுவிட்சைப் போட்டார். அதே உறுமல்தான். தூசி துடைக்க வந்த மனைவி ஒரு குமிழைப் பிடித்துத் திருகினாள்.

"ஏங்க, இது எதுக்கு?"

டக்கென்று ஒரு சத்தம். இரண்டு ஸ்டேஷன் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, ஒருத்தர் வானிலையும் இன்னொருத்தர் கணக்குப் பாடமும் சொல்ல ஆரம்பித்தார்கள்.

பெட்டிக்கு நோயே இல்லை. இசைத்தட்டுப் பெட்டியை ரேடியோவோடு சேர்த்துக் கேட்பதற்கென்று அந்தக் குமிழில் ஓர் இடம் உண்டு. அங்கே திருப்பி வைத்தால் ஸ்டேஷன் வராது, வரவும் கூடாது. டீச்சர் துடைக்கும்போது திருகியிருப்பார். டீச்சர் வீட்டில் ஒரு பார்வை குமிழின் மேல் விழுந்திருந்தால் போதும். பட்டறையிலோ, குமிழைப் பிடுங்கிய பிறகு மொட்டைத் தண்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று யாருக்குத் தெரியும்?

"குமிழைத் திருகினா பாடுது. இதுக்கா மூணு நாள்?" என்றாள் மனைவி.

"சத்தம் போடாத."

"நானா போடறேன்? அதுதான் ரெண்டு வாயில பேசுது."

அந்த இரண்டு வாய், அவர் திருப்பிய திருகாணிகளின் உபயம். தான் கெடுத்ததைத் தானே சரிசெய்ய இன்னும் ஒரு நாள் ஆனது. அதே பழைய வால்வைத் திரும்பச் செருகிக் கொண்டுபோய்க் கொடுத்தார். டீச்சர் இரண்டு கையையும் கூப்பினார். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்கலாம். "எல்லாம் சரியாயிடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். தெருமுனைவரை காது சுட்டது.

பத்து நாளில் கடைக்காரரிடம் நான்கு பேர் வால்வைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒருவர் கல்லாவில் வைத்துவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் போனாராம். இதையெல்லாம் மனைவிதான் கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள்.

"அந்த மனுஷன் வாடகை கட்டணும், பொண்ணு படிப்புக்குக் கட்டணும். நீங்க பெரியாளா இருக்கறதுக்கு அவரா கிடைச்சாரு?"

மறுநாள் காலை கடைக்குப் போனார். சொல்லிவிடுவது என்றுதான் போனார். வழியில் நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்ததில் நான்கிலும் டீச்சர் மேல் பாதிப் பழி விழுந்தது. அதுவும் அவருக்கே தெரிந்தது.

கடைக்காரர் அவரைக் கண்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க மாஸ்டர்! நானே உங்களைத் தேடி வரணும்னு இருந்தேன். எவனோ என் வால்வு எல்லாம் போலின்னு கிளப்பிவிட்டிருக்கான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊரு நம்பும். இந்தாங்க, டெஸ்டர். எல்லாத்தையும் பாருங்க. கெட்டதை என் கண்ணு முன்னாலேயே உடைச்சுப் போடுங்க."

அட்டைப்பெட்டியில் நாற்பத்தோரு வால்வு. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகச் செருகி, சூடேற விட்டு, முள்ளைப் பார்த்தார். ஒவ்வொரு தடவை முள் நல்ல பக்கம் ஏறும்போதும் அவர் தலை ஒரு பிடி இறங்கியது. கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். அதையும் குடிக்க வேண்டியிருந்தது. முப்பத்தொன்பது நல்லது. இரண்டு சுமார்.

"எவன்னு தெரிஞ்சா நல்லாயிருக்கும் மாஸ்டர்."

"தெரிஞ்சா என்ன செய்வீங்க அண்ணே?"

"என்ன செய்யறது? ஏன்டான்னு ஒரு வார்த்தை கேப்பேன்."

"நான்தான் அண்ணே."

டெஸ்டரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். குமிழ், மொட்டைத் தண்டு, மூன்று நாள், மனைவி திருகியது எல்லாம் சொன்னார். கடைக்காரர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார், திட்டுவார் என்றும் எதிர்பார்த்தார். அவர் வால்வுகளை ஒவ்வொன்றாக டப்பாவில் திருப்பி வைத்து முடித்தார்.

"என்கிட்ட சொல்லி என்ன மாஸ்டர் புண்ணியம்? நான் யார்கிட்டேயும் பேச்சைக் கிளப்பலையே. எங்க ஆரம்பிச்சீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க. கிளாஸ் நடக்கும்போது சொல்லுங்க."

போனார். பன்னிரண்டு மெஷின் ஒரே நேரத்தில் தடதடத்துக்கொண்டிருந்தது. டீச்சர் கையைத் தட்டி எல்லாவற்றையும் நிறுத்தினார்.

"இவர்தான் நான் சொன்னேனே, அந்த சார். செத்த ரேடியோவை எழுப்பினவரு!"

பன்னிரண்டு தலை திரும்பியது.

"டீச்சர்... அந்த வால்வு நல்ல வால்வுதான். அதைத்தான் திரும்பப் போட்டிருக்கேன். அந்தக் கடைக்காரர் மேல ஒரு தப்பும் இல்லை. நான் சொன்னதுதான் தப்பு."

"பார்த்தீங்களா? அடுத்தவங்க பொழைப்பு கெடக் கூடாதுன்னு தப்பைத் தன் தலையில போட்டுக்கறாரு. இதுதாம்மா பெரிய மனசு!"

கிளாஸ் கை தட்டியது. பழுது என்னவென்று கேட்டார் டீச்சர். குமிழ் என்ற சொல் பல்வரைக்கும் வந்தது. "சின்ன விஷயம்தான்" என்று சொல்லி அவர் படியிறங்கினார்.

கடைக்காரரின் வியாபாரம் பழையபடி நடக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டர் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவர் கல்லாவிலிருந்தே குரல் கொடுப்பார்.

"சொல்லியாச்சா மாஸ்டர்?"

"பாதி சொல்லியாச்சு அண்ணே."

"மீதி?"

"அடுத்த வாரம்."

ஏழு மாதமாக அடுத்த வாரம்தான்.