கூரையில் நான் பிடித்த நிரை

ரந்தாவ் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் குடும்பங்கள் குறைந்த பிறகு மண்டபம் சும்மா கிடந்தது. ஒளிபரப்புத் தொழில் படித்துவிட்டு வந்த என் மகள் மேனேஜரிடம் அனுமதி வாங்கி, அதன் ஒரு சுவர் முழுக்கப் பச்சை வண்ணம் அடித்தாள். பச்சைக்கு முன் ஆள் நின்றால், பின்னால் ஒரு செய்தி அறையையே கணினி கட்டிக் காட்டும். கேமரா நகர்ந்தால் அந்த இல்லாத அறையும் கூடவே சரியாக நகர வேண்டும். அதற்கு, கேமரா எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கணினிக்கு நொடிக்கு நொடி தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குள்ள வழிகளைச் சாப்பிடும்போது எனக்கு விளக்கினாள். கேமராவை அசையாமல் பூட்டிவிடலாம்; பார்க்கச் சலிப்பாக இருக்கும். திரும்பும் அளவைக் கணக்கிடும் கருவி பொருத்திய முக்காலி எடுக்கலாம். ஆனால் நின்ற இடத்தில்தான் திரும்ப முடியும். இல்லையென்றால் கூரையில் மின்னும் புள்ளிகளை ஒட்டி, கேமராவின் தலையில் ஒரு சிறு கண்ணை வைத்து அண்ணாந்து பார்க்கவிடலாம். புள்ளிகளைப் பார்த்து அது தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும். கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கலாம்.

"முக்காலியே எடும்மா, உறுதியா இருக்கும்" என்றேன். அவள் சிரித்துவிட்டுப் புள்ளிகளை எடுத்தாள்.

கோலாலம்பூரில் ஒரு தொலைக்காட்சி நிலையத்திலிருந்து இரண்டு பேர் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்துவிட்டால் வாராவாரம் ஒரு நிகழ்ச்சி இங்கிருந்தே போகும், மகளும் வீட்டோடு இருப்பாள். அவளைவிட எனக்குத்தான் அது வேண்டியிருந்தது.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் பிற்பகல் அவள் வயர் வாங்க சிரம்பானுக்குப் போயிருந்தாள். நான் மண்டபத்தைப் பெருக்கப் போனேன். அண்ணாந்து பார்த்தால் புள்ளிகள் அள்ளி எறிந்ததுபோல் இருந்தன. இருபத்தைந்து வருடமாகக் கன்று நடக் கயிறு பிடிக்கிறவன் நான். நிரை கோணினால் ஆட்களை மேய்க்கும் மண்டோரையே திட்டி, பிடுங்கி நட வைக்கிறவன். வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஏணி போட்டு, கயிறு கட்டி, ஒவ்வொன்றாக உரித்து, சம இடைவெளியில் வரிசையாக ஒட்டினேன். கழுத்து வலித்தாலும் திருப்தியோடு இறங்கினேன்.

மறுநாள் அவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். சோதித்துப் பார்க்க மகளுக்கு நேரமில்லை. என் மனைவி அறிவிப்பாளர் மாதிரி பச்சைக்கு முன் நின்றாள். மகள் கேமராவோடு ஓரடி எடுத்து வைத்ததும் திரையில் அந்த இல்லாத அறையின் மேசை வழுக்கிக்கொண்டு போனது.

"அக்கா அங்கேயேதான் நிக்கிறாங்க, ரூம் மட்டும் கெமாஸுக்கு ரயில் ஏறிடுச்சுலா!" என்று வந்தவரில் ஒருவர் சிரித்தார்.

மகள் கணினியிடம் ஓடினாள். மேலே பார்த்தாள், விளக்குகள் கண்ணில் அடித்தன. "புள்ளிங்கள அது கண்டுபிடிக்கவே மாட்டேங்குது. அப்பா, மேல யாராவது கைய வெச்சாங்களா?"

தேநீர்த் தட்டோடு நின்ற எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது.

"இல்லையேம்மா" என்றேன். அதோடு விடவில்லை. "நான்தான் அப்பவே முக்காலி எடுன்னு சொன்னேனே" என்று அவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

கணினியை இரண்டு முறை அணைத்து எழுப்பினாள். வயர்களைக் கழற்றி மாட்டினாள். "அப்புறம் கூப்பிடுறோம்" என்று அவர்கள் கிளம்பினார்கள். கூப்பிடவில்லை.

அவர்கள் போனபின் விளக்குகளை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நிரை நேராத்தான் பிடிச்சிருக்கீங்க" என்றாள். பிறகு, கூரையின் ஒவ்வொரு இடமும் வேறு வேறு மாதிரி தெரிந்தால்தான் அந்தக் கண்ணுக்கு அடையாளம் பிடிபடும் என்றும், இப்போது எல்லா இடமும் ஒன்றுபோல் இருக்கிறது என்றும் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. "தெரியாம செஞ்சது, பரவால்லப்பா. கேட்டப்ப சொல்லியிருந்தா கேமராவ பூட்டி வெச்சாவது காட்டியிருப்பேன். இன்னொரு நாள் கேட்டிருப்பேன்."

"ஆளுங்க முன்னால எப்படிம்மா..."

"நானும்தான்பா ஆளுங்க முன்னால நின்னேன்."

அடுத்த மாதமே கோலாலம்பூருக்குப் போய்விட்டாள். வேறு யாருடைய ஸ்டூடியோவிலோ கேமரா பிடிக்கிறாள். அந்த "இல்லையேம்மா" வேலைக்காட்டில் நிற்கும்போதுகூட என் காதில் விழுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போன் செய்வாள். போன வாரம் துணிந்து கேட்டேன்: "அங்க எந்த முறைம்மா வெச்சிருக்காங்க? புள்ளியா, முக்காலியா?"

முன்பென்றால் ஒரு மணி நேரம் விளக்கியிருப்பாள்.

"எல்லாம் இருக்குப்பா" என்றாள். "அம்மாகிட்ட கொடுங்க."