ரொக்கமென்று எண்ணிய வெல்லம்

கேரள மலையில் இருக்கும் மறையூரில் வெல்லமும் பணமும் ஒன்றுதான். மளிகைக்கடைப் பாக்கிக்கு ஒரு மூட்டை உருண்டை வெல்லத்தை இறக்கினால் கடைக்காரர் வாய் திறக்கமாட்டார். கல்யாண மொய்யே மூட்டையாக வந்ததுண்டு. அந்த ஊரில் பிறந்த ஞானஜோதி வேறு எப்படித்தான் கணக்குப் போடுவாள்?

வயது முப்பத்துநாலு. பி.காம். முடித்தவள். கரும்பு விவசாயிகள் சேர்ந்து தொடங்கிய வெல்லக் கம்பெனியில் எட்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறாள். புருஷன் விட்டுப்போன பிறகு அப்பா மொக்கையனோடுதான் இருப்பு. அவருக்கு மகள் பேச்சு வேதவாக்கு. "எம் மக கணக்குல ஒத்தப் பைசா பெசகாது" என்று டீக்கடையில் பீற்றிக்கொள்வார்.

வைகாசியில் அவருடைய ஒன்றரை ஏக்கர் கரும்பு வெட்டுக்குத் தயாரானது. உடுமலை வியாபாரி ரொக்கத்தோடு வாசலில் வந்து நின்றான். கம்பெனியோ கடனாகத்தான் எடுக்கும். விலை கொஞ்சம் கூட, பணம் ஓணம் சமயத்தில். நிலத்தின் பேரில் மொக்கையன் வாங்கிய கடனை ஆவணிக்குள் கட்டாவிட்டால் நிலம் ஜப்தியாகிவிடும்.

"கம்பெனி நிக்குமா தாயி?"

"ஒரு வருசத்துக்குள்ள காசாகக்கூடியது எம்பத்துநாலு லட்சம்ப்பா. குடுக்க வேண்டியது நாப்பது. குடுக்கவேண்டிய ஒவ்வொரு ரூவாய்க்கும் நம்மகிட்ட ரெண்டு ரூவா பத்து பைசா இருக்கு. பயப்படாத."

வியாபாரி வெறுங்கையோடு திரும்பினான். கரும்பு கம்பெனிக்குப் போனது.

அட, அந்த எண்பத்துநாலில் எழுபது லட்சம் கிடங்கில் அடுக்கிய வெல்லம்! ஓணத்துக்கு விலை ஏறும் என்று ஊரே அடைத்து வைப்பது வழக்கம். சரக்கைக் கழித்துவிட்டு இன்னொரு விகிதமும் பார்க்க வேண்டும் என்று படித்தவள்தான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினாள். கழித்திருந்தால் ரூபாய்க்கு முப்பத்தைந்து பைசா என்று தெரிந்திருக்கும். வெல்லத்தைப் போய் யார் கழிப்பார்கள்? பாழாய்ப்போன பழக்கம் கண்ணை மறைத்துவிட்டது.

கம்பெனி கட்டவேண்டிய வங்கித் தவணை ஆடி முதல் வாரத்திலேயே வந்து நின்றது. ஓணத்துக்கு இன்னும் ஒன்றரை மாதத்துக்கு மேல் இருந்தது. பத்து நாள் விடாத சாரல் வேறு. உருண்டைகள் இளகிச் சாக்கை நனைத்தன. கம்பெனி தவிப்பதை மோப்பம் பிடித்த வியாபாரிகள் பாதி விலைக்குக் கேட்டார்கள், இளகினதைப் பார்த்து அதற்கும் கையை விரித்தார்கள். கம்பெனித் தலைவர் பூபதிராஜா போனை அணைத்துவிட்டார். வங்கிக்காரர்கள் கிடங்கைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோனார்கள்.

"நாந்தாம்ப்பா தப்பாச் சொல்லிட்டேன்" என்று அன்று அவள் அழுதாள்.

"விடு தாயி, வேணும்னா செஞ்ச?" என்றவர், தட்டை இழுத்துச் சாப்பிட உட்கார்ந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது அவளுக்கு ஆறியிருக்கும்.

புரட்டாசி பிறந்ததும் ஜப்தி நோட்டீஸ் வந்தது, மலையாளத்தில். மொக்கையனுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. ஏழாவது வரை படித்த பக்கத்து வீட்டுக் கத்தரீனாளிடம் எடுத்துப் போய், எழுத்துக் கூட்டி அவள் வாசிக்க வாசிக்கக் கேட்டுவிட்டு வந்தார். ஞானஜோதிக்கு அது மறுநாள்தான் தெரிந்தது, அதுவும் கத்தரீனாள் சொல்லித்தான்.

"நான் வீட்லதான இருந்தேன்? எங்கிட்டக் குடுக்காம அங்க ஏம்ப்பா கொண்டு போன?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ நல்லாத்தான் படிப்ப தாயி. அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு நெசமாத் தெரியணும்ல."